டீடாக்ஸ்: வயிற்றைக் கழுவவா, வாயைக் கட்டவா?

காலை ஐந்தரை மணி. பூங்கா வாசலில் நடைப்பயிற்சிக் கூட்டம் சேர்வதற்கு முன்பே தள்ளுவண்டி வந்துவிடுகிறது. எவர்சில்வர் தூக்குகள் வரிசையாக நிற்கின்றன. அருகம்புல், வாழைத்தண்டு, பாகற்காய், நெல்லிக்காய், வெண்பூசணி, கற்றாழை. ஒவ்வொரு மூடியிலும் ஒட்டிய காகிதத்தில் ஒரு நோயின் பெயர்: சர்க்கரை, கல்லடைப்பு, கொழுப்பு, அல்சர். சமீப காலமாக இந்த வரிசையில் இன்னொரு தூக்கும் சேர்ந்திருக்கிறது. அதன் மேல் நோயின் பெயர் இல்லை. ‘டீடாக்ஸ்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பது வெள்ளரி, புதினா, இஞ்சி, எலுமிச்சை.

நான்கு சுற்று நடந்தவர் வருகிறார். ஒரு டம்ளரை ஒரே மூச்சில் குடிக்கிறார். வாயைத் துடைத்துக்கொண்டு சாலையைக் கடந்து, எதிர்க்கடையில் இரண்டு மெதுவடை, ஒரு ஸ்ட்ராங் டீ. சர்க்கரை தூக்கலாக.

டீடாக்ஸ் என்ற சொல்லைப் பற்றிய குழப்பம் முழுவதும் அந்தத் தெருவின் இரண்டு பக்கங்களுக்குள் அடங்கிவிடுகிறது. உடம்பைச் சுத்தம் செய்ய எதையாவது புதிதாகக் குடிக்க வேண்டும் என்று வண்டி சொல்கிறது. ஏற்கெனவே உள்ளே போய்க்கொண்டிருப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மருத்துவ அறிவியலோ முதல் கேள்வியை விட்டுவிட்டு இரண்டாவதைத்தான் கேட்கிறது.

ஆஸ்பத்திரியில் இந்தச் சொல்லுக்குத் தெளிவான பொருள் உண்டு. பூச்சிமருந்து குடித்தவரைக் காப்பாற்றுவது, குடிநோயாளியைக் கண்காணிப்பில் வைத்து மதுவிலிருந்து விடுவிப்பது, ஈயம் கலந்த ரத்தத்திலிருந்து அதைப் பிரித்தெடுக்க மருந்து கொடுப்பது ஆகியவைதான் அங்கே நச்சுநீக்கம். எந்த நச்சு, எவ்வளவு, அதற்கு என்ன மாற்று என்று மூன்றுக்கும் விடை இருக்கும். சந்தையில் விற்கும் டீடாக்ஸில் இந்த மூன்றுக்கும் விடை கிடைப்பது அரிது.

பிரிட்டனில் ‘சென்ஸ் அபவுட் சயின்ஸ்’ என்ற அமைப்பைச் சேர்ந்த இளம் விஞ்ஞானிகள் 2009-இல் இதையே சோதித்துப் பார்த்தார்கள். டீடாக்ஸ் என்று பெயர் போட்டு விற்ற 15 பொருள்களை எடுத்துக்கொண்டு, “எந்த நச்சை நீக்குகிறீர்கள், ஆதாரம் என்ன?” என்று தயாரிப்பாளர்களைக் கேட்டார்கள். உருப்படியான ஆதாரம் ஒருவரிடமும் இல்லை. அந்தச் சொல்லுக்கு இரண்டு நிறுவனங்கள்கூட ஒரே பொருளைச் சொல்லவில்லை.

பேதி மருந்து ஞாயிறு

உடம்பைக் கழுவும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. இப்போது ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர்கள் பலருக்கும் பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கும். விடிந்ததும் வெறும் வயிற்றில் விளக்கெண்ணெய். மூக்கைப் பிடித்து, இரண்டு கையையும் அமுக்கிப் பிடித்து, கடுங்காப்பியிலோ சாற்றிலோ கலந்து உள்ளே இறக்கிவிடுவார்கள். பிறகு கொல்லைப்புறத்துக்கும் வீட்டுக்குமாக நடை. மதியம் குழைந்த சாதத்தில் மிளகு ரசம், மாலையில் மோர். அன்றைக்கு முழுக்க வேறு பண்டம் கிடையாது.

சித்த மருத்துவத்தில் இதற்கு முறையான இடம் உண்டு. நோய் அணுகாமல் வாழ்வதற்குத் தேரையர் சொன்ன விதிகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்தும், நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்தும் வருகின்றன. வீட்டுப் பேதி ஞாயிறுக்கு அந்த மரபோடு நடைமுறைக் காரணம் ஒன்றும் இருந்தது. செருப்பில்லாமல் நடந்து, திறந்தவெளியில் வெளிக்குப் போன காலத்தில் பிள்ளைகளின் வயிற்றில் குடற்புழு சாதாரணம். அதை வெளியேற்றத்தான் அந்த அமர்க்களம்.

இன்றைக்கு அந்த வேலையை ஒரு மாத்திரை செய்துவிடுகிறது. மத்திய அரசு 2015-இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாள் முகாம்களில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். அந்தக் காலத்துச் சுத்தத்தில் எதிரி யார் என்று தெரிந்திருந்தது. இன்றைய டீடாக்ஸில் எதிரிக்குப் பெயரே இல்லை.

குடல் சுவரில் வருடக்கணக்கில் கசடு படிந்திருப்பதாக விளம்பரங்கள் பயமுறுத்துகின்றன. குடலின் உட்புறத் தோல் மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. தினமும் குழாய் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கிற குடல் மருத்துவர்கள் அப்படியொரு கசட்டுச் சுவரைக் கண்டதில்லை.

ஒன்றரைக் கிலோ தொழிற்சாலை

வலது விலாவுக்குக் கீழே சுமார் ஒன்றரைக் கிலோ எடையில் கல்லீரல் இருக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் அதன் வழியாகப் போகிறது. குடலில் உறிஞ்சப்பட்ட உணவு, மருந்து, மது எல்லாம் உடம்பின் மற்ற பாகங்களுக்குப் போகும் முன் பெரும்பாலும் இந்தச் சோதனைச்சாவடியைத் தாண்டியாக வேண்டும்.

அங்கே நடப்பதைப் புரிந்துகொள்ள ஒரு காய்ச்சல் மாத்திரை போதும். பாராசிட்டமால் கல்லீரலுக்குள் போனதும் அதில் பெரும்பகுதி, தண்ணீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றப்பட்டு சிறுநீரில் வெளியேறுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் மாற்றத்தின் நடுவே கல்லீரலையே அரிக்கக்கூடிய நச்சாகிவிடுகிறது. அதைப் பிடித்துக் கட்டிப்போட கல்லீரல் செல்லுக்குள் குளூட்டாதயோன் என்ற பொருள் தயாராகக் காத்திருக்கிறது. இரண்டு மாத்திரைக்கு அது தாராளமாகப் போதும். அட்டையோடு விழுங்கினால் கையிருப்பு தீர்ந்து கல்லீரல் செல்கள் சாகத் தொடங்கும். அப்போது ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன், அந்தக் கையிருப்பைத் திரும்ப நிரப்புகிற வேலையைத்தான் செய்கிறது.

இதில் சாறு விரதக்காரர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. குளூட்டாதயோன் உருவாவது அமினோ அமிலங்களிலிருந்து. அவை வருவது பருப்பு, பயறு, முட்டை, மீன், பால் போன்ற புரத உணவிலிருந்து. ஒரு வாரம் வெறும் பழச்சாற்றில் இருப்பவர் கல்லீரலுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைக்கிறார். உண்மையில் துப்புரவுத் தொழிலாளியின் கையிலிருந்து துடைப்பத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்.

அடுத்தது சிறுநீரகங்கள். ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, தேவையானதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டரைச் சிறுநீராக அனுப்புகின்றன. புரதம் செரிக்கும்போது உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. நுரையீரல் கரியமில வாயுவை அனுப்புகிறது. பித்தத்தோடு குடலில் இறங்கும் கழிவை நார்ச்சத்து பிடித்து மலத்தோடு கொண்டுபோகிறது. வியர்வையின் வேலை முக்கியமாக உடம்பைக் குளிர்விப்பது. அதில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். நச்சை வியர்த்து வெளியேற்றுவதாகச் சொல்லும் நீராவி அறையில் குறைவது தண்ணீர் எடை.

பொம்மையின் காலில் நச்சு

பெரிய நகரங்களின் அழகு நிலையங்களில் ஒரு தொட்டி இருக்கும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை வைத்ததும் மின்சாரத்தைப் போடுவார்கள். அரை மணி நேரத்தில் தண்ணீர் பழுப்பாகிவிடும். “பார்த்தீர்களா, உங்கள் உடம்பிலிருந்து எவ்வளவு நச்சு!” என்பார்கள். பிரிட்டிஷ் மருத்துவரும் எழுத்தாளருமான பென் கோல்டேக்கர் இதைத் தன் வீட்டில் செய்து பார்த்தார். தொட்டியில் அவர் வைத்தது ஒரு பார்பி பொம்மையின் கால்கள். தண்ணீர் அப்போதும் பழுப்பானது. உப்புநீரில் மின்சாரம் பாயும்போது மின்முனையில் இருக்கும் இரும்பு துருப்பிடிக்கிறது என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

இரவில் பாதத்தில் ஒட்டிக்கொண்டு படுத்தால் காலையில் கறுத்துவிடும் பட்டைகளும் இதே ஜாதிதான். ஈரம் பட்டாலே அவை கறுக்கும். அப்படிப் பட்டைகளை விற்றவர்கள் மீது அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 2009-இல் வழக்குப் போட்டது.

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் கலந்து குடித்தால் பித்தப்பைக் கற்கள் பச்சைப் பச்சையாக விழும் என்றொரு வாட்ஸ்அப் வைத்தியம் உண்டு. விழுவது உண்மை. அப்படி விழுந்த ‘கற்களை’ நியூஸிலாந்தில் ஒரு நோயாளி மருத்துவரிடம் கொண்டுபோனார். ஆய்வகத்தில் பார்த்தபோது அவற்றில் முக்கால்வாசி கொழுப்பு அமிலம். குடித்த எண்ணெய் குடலுக்குள் சோப்பாகித் திரண்டிருக்கிறது. லான்செட் இதழில் 2005-இல் வெளியான கடிதம் அது.

சரி, சாறு விரதத்தில் மூன்றே நாளில் இரண்டு கிலோ குறைகிறதே? குறையும். கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளைச் சேமித்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. பட்டினியில் அந்தச் சேமிப்பு கரையும்போது தண்ணீரும் போகிறது. நான்காம் நாள் சாம்பார் சாதம் சாப்பிட்டதும் இரண்டும் திரும்பி வந்துவிடும். இரண்டாம் நாள் மண்டையைப் பிளக்கும் வலிக்கு, “நச்சு வெளியேறுகிறது” என்று விளக்கம் தருவார்கள். தினம் நான்கு காபி குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இருபது முதல் ஐம்பது மணி நேரத்துக்குள் தலைவலி உச்சத்துக்குப் போகும். அது நச்சல்ல, காபிக்கான ஏக்கம்.

சாறு குடித்து, டயாலிசிஸ் வரை

வேடிக்கையோடு நின்றால் பரவாயில்லை. கேரளத்தில் கொழுப்பைக் குறைக்க இரும்பன்புளிச் சாறு குடிக்கும் பழக்கம் பரவியபோது நடந்தது வேறு கதை. பிலிம்பி என்றும் அழைக்கப்படும் இந்தக் காய் மீன் குழம்பில் இரண்டு மூன்று போட்டால் சுவைக்காக மட்டும்தான். அதையே கொத்துக் கொத்தாக அரைத்து, வடிகட்டிக் கெட்டியாகக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்ததை இந்தியச் சிறுநீரகவியல் இதழ் 2013-இல் வெளியிட்டது. காயில் செறிந்திருக்கும் ஆக்சலேட் சிறுநீரகத்துக்குள் படிகமாகப் படிந்துவிட்டது. அவர்களில் ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. சாற்றை நிறுத்திச் சிகிச்சை எடுத்த பிறகு பத்துப் பேரும் குணமானார்கள்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. அமெரிக்காவில் 65 வயதுப் பெண் ஒருவர் உடம்பைச் சுத்தம் செய்யப் பச்சைக் கீரைச் சாறு குடித்ததில் அவருடைய சிறுநீரகம் நிரந்தரமாகக் கெட்டுப்போனதாக 2018-இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. ஏற்கெனவே வயிற்றில் அறுவை சிகிச்சை ஆனவர் அவர்.

இதைப் படித்துவிட்டுக் கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. நம் சமையலறை இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமானது. பசலை மாதிரியான கீரையைத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் ஆக்சலேட்டில் ஒரு பகுதி போய்விடும். மோரோடும் தயிரோடும் சாப்பிடும்போது அவற்றில் இருக்கும் கால்சியம் மிச்ச ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். தட்டில் ஒரு கரண்டி கீரை மசியலை அளவாகத்தான் சாப்பிட முடியும். மிக்ஸியிலோ இரண்டு கட்டுக் கீரை ஒரு டம்ளருக்குள் அடங்கிவிடும். ஆபத்து கீரையில் இல்லை, மிக்ஸியில் இருக்கிறது.

மூலிகை என்றாலே பக்கவிளைவு கிடையாது என்ற நம்பிக்கைக்கும் கொரோனா காலம் ஒரு அடி கொடுத்தது. எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் கொடியைக் கஷாயம் வைத்துக் குடித்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு நாட்டின் பல மருத்துவமனைகளைச் சேர்ந்தவர்கள் 43 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மத்திய ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. வேறொரு கொடியைச் சீந்தில் என்று நினைத்துப் பயன்படுத்தியிருக்கலாம் என்று வாதிட்டது. அந்த வாதமே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், தெருவில் தூளாக்கி விற்கும் கொடி எது என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

தண்ணீரும் விதிவிலக்கல்ல. இங்கிலாந்தில் புத்தாண்டுக்கு டீடாக்ஸ் என்று அளவுக்கு மீறித் தண்ணீரும் மூலிகைகளும் எடுத்த 47 வயதுப் பெண்ணுக்கு ரத்தத்தில் சோடியம் சரிந்து வலிப்பு வந்தது. தாகத்துக்குக் குடிக்க வேண்டும், வெயிலில் வேலை செய்பவர் கூடுதலாகக் குடிக்க வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறார் என்று பொருள். காலையில் எழுந்ததும் மூன்று லிட்டர் என்பது யாருக்கும் தேவையில்லை.

தொடங்குகிறவர் எங்கே தொடங்குவது?

உடம்பின் துப்புரவுப் படை தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் என்றால், மனிதர் செய்ய வேண்டியது என்ன? அதன் தலையில் கொட்டுவதைக் குறைப்பதும், அது கேட்கும் சாமானை வாங்கிக் கொடுப்பதும்தான். இதை ஒரே நாளில் செய்கிறவர்கள் ஒரே வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். வாரத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் பழக்கம் பிடிபடும்.

முதல் வாரம், டம்ளரில் தொடங்குவது நல்லது. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் நாளைக்கு நாலு டீயில் எட்டு ஸ்பூன் சர்க்கரை, அதாவது முப்பது நாற்பது கிராம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் நல்ல அளவு, எல்லா வகையிலும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம். பிஸ்கெட்டுக்குப் போகும் முன்பே டீயிலேயே கணக்கு தாண்டிவிடுகிறது. 300 மில்லி கோலா ஒன்று குடித்தால் அதிலேயே முப்பது கிராமுக்கு மேல். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாற்றினாலும் கணக்கு மாறாது. வடிகட்டிய பழச்சாறும் இந்தப் பட்டியலில்தான் வருகிறது. ஆகவே கொய்யாவைக் கடித்துச் சாப்பிடுவது நல்லது, சாறாக்குவது தேவையில்லை. டீயில் மூன்று நாளுக்கு அரை ஸ்பூன் என்று குறைத்துக்கொண்டு வந்தால் நாக்கு சண்டை போடாது.

இரண்டாம் வாரம் தட்டுக்கு. தமிழ்நாட்டுச் சாப்பாட்டில் சோறு மலைபோல நடுவில் இருக்கும், பொரியல் ஓரத்தில் ஊறுகாய் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். இதைத் தலைகீழாக்குவதுதான் மொத்த வித்தையும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் தட்டின் பாதி காய்கறிக்கும் பழத்துக்கும் போகிறது. அவரைக்காய்ப் பொரியல், சுரைக்காய்க் கூட்டு, வாழைத்தண்டுப் பொரியல் எதுவானாலும் சரி. பார்க் வாசலில் வடிகட்டிக் கொட்டிவிடும் நார்தான் வாழைத்தண்டின் முதல் சொத்து, அது பொரியலில் முழுசாகக் கிடைக்கிறது. மாலையில் பஜ்ஜிக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் என்றால் கல்லீரலுக்குத் தேவையான புரதமும் சேர்ந்துவிடும்.

முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர் ஆகியவை ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்து பிராக்கோலியின் முளையில் தயாரித்த பானத்தைச் சீனாவின் சிடோங் பகுதியில் 291 பேருக்குப் பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். காற்று மாசில் வரும் பென்சீன் சிறுநீரில் வெளியேறுவது 61 சதவீதம் கூடியதாக 2014-இல் முடிவு வந்தது. உணவால் நச்சு வெளியேறுவது கூடும் என்று அளந்து காட்டிய அபூர்வமான ஆய்வு இது. அதிலும் கல்லீரலின் நொதிகள்தான் வேலை செய்தன, பானம் தூண்டிவிட்டது அவ்வளவே.

உப்பும் இதே வாரத்தில் குறைய வேண்டும். நாளைக்கு ஒரு டீஸ்பூன், அதாவது ஐந்து கிராம் போதும். இந்தியர்கள் சராசரியாக எட்டு கிராம் சாப்பிடுகிறார்கள் என்று தேசிய அளவிலான ஆய்வு சொல்கிறது. சமைக்கும் உப்பைக் குறைத்தும் பயனில்லாமல் போவது அப்பளம், ஊறுகாய், வடகம், கருவாடு, பாக்கெட் மிக்சர் ஆகியவற்றால்.

மூன்றாம் வாரம் ராத்திரிக்கு. பத்தரை மணிக்குப் பரோட்டா சால்னாவும், பன்னிரண்டரை வரை கைப்பேசியும், ஆறு மணிக்கு அலாரமும் என்று ஓடுகிறவருக்கு எந்தச் சாறும் உதவாது. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, ஏழு மணி நேரம் தூங்குவது இலக்கு. தூக்கத்தில் மூளைக்குள் திரவம் கூடுதலாக ஓடிக் கழிவை அலசுகிறது என்று அமெரிக்காவில் மைக்கன் நெடர்கார்டின் குழு 2013-இல் எலிகளிடம் கண்டது. பிற்பாடு வந்த ஓர் ஆய்வு அதற்கு மாறாகச் சொன்னது, விவாதம் தொடர்கிறது. குறைந்த தூக்கம் எடையையும் சர்க்கரையையும் ஏற்றிவிடும் என்பதில் அந்த அளவுக்குத் தகராறு இல்லை.

விரதம் இருந்து பழக்கப்பட்டவர்கள் அதைத் தொடரலாம். ஏகாதசிப் பட்டினிக்கு மறுநாள் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் வைத்துப் பாரணை முடிப்பதிலும், ரமலானில் பருப்பும் அரிசியும் குழைய வெந்த நோன்புக் கஞ்சியோடு நோன்பு திறப்பதிலும், காலி வயிற்றைப் பதமாக நடத்தும் அறிவு இருக்கிறது. பட்டினி கிடந்தால் செல்கள் தம் கழிவைத் தாமே தின்றுவிடும், அதற்கு நோபல் பரிசே கிடைத்திருக்கிறது என்று சுற்றும் செய்தி பாதி உண்மை. யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் பரிசு கிடைத்த ஆராய்ச்சி ஈஸ்ட் செல்களில் நடந்தது. மனிதர் எத்தனை மணி நேரம் பட்டினி இருந்தால் என்ன பலன் என்று அது சொல்லவில்லை.

நான்காம் வாரம் காலுக்கும், கைவிட வேண்டியவற்றுக்கும். வாரத்துக்கு 150 நிமிடம் சுறுசுறுப்பான நடை, அதாவது ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருப்பதாக ஸ்கேன் சொன்னவர்களுக்கு இதுதான் மருந்து. எடையில் ஐந்து சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். ஏழு முதல் பத்து சதவீதம் குறைந்தால் வீக்கமும் தணியும். எண்பது கிலோ ஆசாமிக்கு முதல் இலக்கு நாலு கிலோ.

உண்மையில் மிக வேகமாக நடக்கும் டீடாக்ஸ் புகையிலையை நிறுத்துவதுதான். கடைசி சிகரெட்டை அணைத்த பன்னிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இயல்பான அளவுக்கு இறங்கிவிடுகிறது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. குடியால் கொழுப்பு ஏறிய கல்லீரல், நிறுத்தினால் சில வாரங்களிலேயே தேறத் தொடங்கும். ஆனால் தினமும் நிறையக் குடித்தவர் வீட்டில் தானாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நடுக்கம், வலிப்பு, பிதற்றல் என்று உயிருக்கே உலை வைக்கலாம். அவருக்குத் தேவை மருத்துவமனையில் நடக்கும் அசல் டீடாக்ஸ்.

நச்சு உள்ளே வரும் வாசல்

வெளியேற்றுவதைவிட வராமல் தடுப்பது சுலபம் என்பதற்குச் சமையலறையே சாட்சி. வடை சுட்ட எண்ணெயை மறுநாள் அப்பளத்துக்கும், அதற்கு மறுநாள் தாளிப்புக்கும் வைத்துக்கொள்வது பல வீடுகளில் சிக்கனம். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சேரும் வேதிச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லிருந்து விதி வைத்திருக்கிறது. வீட்டில் அளக்கக் கருவி இல்லை. நிறம் கறுத்து, நுரை கட்டி, சீக்கிரமே புகையத் தொடங்கினால் கொட்டிவிட வேண்டியதுதான்.

கொதிக்கக் கொதிக்க சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வாங்குவது இன்னொன்று. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் 14-க்கு 2019 ஜனவரி முதல் தடை இருந்தும் பார்சல் கவர் முழுசாக ஒழிந்தபாடில்லை. சூட்டில் பிளாஸ்டிக்கில் இருக்கும் வேதிப்பொருள்கள் குழம்புக்குள் இறங்க வாய்ப்பு அதிகம். வண்டிப் பையில் ஒரு எவர்சில்வர் டப்பா போட்டு வைத்தால் தீர்ந்தது. மஞ்சள் தூளுக்குப் பளிச்சென்ற நிறம் வர ஈய குரோமேட் கலப்பது தெற்காசியாவில் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. விரலி மஞ்சள் வாங்கி மில்லில் அரைத்துக்கொள்வது அம்மாக்களுக்குத் தெரிந்த வழி. கறிவேப்பிலை, கொத்தமல்லி, திராட்சை ஆகியவற்றை ஓடும் தண்ணீரில் நன்றாக அலசினால் மேலே ஒட்டியிருக்கும் பூச்சிமருந்தில் ஒரு பகுதியாவது போகும்.

சிலர் தொடவே கூடாது

சாறு விரதமோ நாள்கணக்கில் பட்டினியோ சிலருக்கு ஆகாது. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. ஆக, இந்த எச்சரிக்கை ஏதோ சிலருக்கானது அல்ல. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இளநீரிலும் சாறுகளிலும் இருக்கும் பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள் ஆகியோருக்கு இந்த விளையாட்டு வேண்டாம். டீடாக்ஸ் என்று விற்கும் கரித்தூள் விஷமுறிவுக்கு உதவும் அதே காரணத்தால், நோய்க்கு விழுங்கிய மாத்திரையையும் சேர்த்து உறிஞ்சிவிடும்.

தொடங்க நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் தேடி எடுத்து, அதில் கிரியாட்டினின், எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். முதலாவது சிறுநீரகத்தைப் பற்றியது, இரண்டாவது கல்லீரலைப் பற்றியது. சீட்டே இல்லையென்றால் அரசு மருத்துவமனையில் பரிசோதனை செய்துகொள்ளலாம். எண் எல்லையைத் தாண்டியிருந்தால் சாறு வண்டிக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள். எல்லைக்குள் இருந்தால் உங்கள் துப்புரவுப் படை பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறது. நாளைக் காலை டீயில் அரை ஸ்பூன் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு முதல் வாரத்தைத் தொடங்கிவிடலாம்.